தொண்ணூறு தப்படி

ராய்ஸ் லெட்பெட்டர் சொன்ன பொய் ஒரே ஒரு வார்த்தைதான். "தப்பிருச்சு" என்றான். குறி தப்பிவிட்டது, பன்றி ஓடிவிட்டது, அவ்வளவுதான். அதற்கு மேல் அவன் எதையும் ஜோடிக்கவில்லை, ஜோடிக்கத் தெரிந்தவனும் இல்லை. நெச்சஸ் ஆற்றங்கரையில் மாடும் வைக்கோலுமாகத் தனியாகக் காலம் தள்ளுகிற ஐம்பத்தெட்டு வயதுக்காரன் யாரிடம் பொய் சொல்லிப் பழகியிருக்கப் போகிறான்?

அது பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை. ஹோலிஸ் கேன்டியின் நிலத்தில், ஆற்றையொட்டிய தாழ்வான காட்டில், மூன்று பேர் மூன்று மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். ஹோலிஸ், ராய்ஸ், எமெட். மூவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து, ஒரே பாப்டிஸ்ட் சபையில் ஞானஸ்நானத்துக்கு முங்கி எழுந்து, முப்பது வருஷமாக ஒன்றாக வேட்டைக்குப் போகிறவர்கள். கையிலிருந்தவை பழைய மாதிரித் துப்பாக்கிகள். குழல் வாயில் கருமருந்தைக் கொட்டி, துணி சுற்றிய ஈயக் குண்டைக் கம்பியால் இடித்து இறக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு குண்டு. அடுத்ததை இறக்கி முடிப்பதற்குள் பன்றி அடுத்த ஜில்லாவில் இருக்கும்.

அதனால் ஹோலிஸ் ஒரு சட்டம் போட்டிருந்தான். ஒவ்வொரு மரத்தடியிலிருந்தும் அறுபது தப்படி எண்ணி, சுற்றிலும் ஆரஞ்சு நாடா கட்டியிருந்தான். நாடாவுக்கு இந்தப் பக்கம் வந்த பன்றியைச் சுடலாம். அந்தப் பக்கம் நிற்பது தங்கப் பன்றியாகவே இருந்தாலும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். மீறினவன் அடுத்த ஒரு வருஷம் துப்பாக்கியைத் தொடக்கூடாது, வேட்டைக்குத் தங்கும் கேம்ப் குடிசையில் அவன்தான் சமையல். ஹோலிஸ் தன் சொந்த மகனுக்கே இதில் தயவு காட்டவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் வெஸ்லி நாடாவைத் தாண்டி ஒரு பெண் பன்றியைக் காயப்படுத்தினான். ஹோலிஸ் எல்லார் முன்னாலும் அவன் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கி வைத்தான். இருபத்திரண்டு வயது ரத்தம், பொறுக்குமா? அன்றைக்குக் கிளம்பிப் போனவன்தான் வெஸ்லி. போமான்ட் நகரத்தில் பெட்ரோலிய எண்ணெய் ஆலையில் வேலை. அம்மாவோடு போனில் பேசுவான். அப்பாவோடு பேச்சே இல்லை.

அன்று மத்தியானம் துப்பாக்கிகளைக் கெட்டிக்கும்போதும் ஹோலிஸ் வழக்கமான பாட்டை ஆரம்பித்தான்.

"மான அடிக்கிற நெனப்புல பன்னிய அடிக்காதீங்கடா. மானுக்கு முன்னங்காலத் தாண்டி நாலு விரல் தள்ளி வெச்சா நெஞ்சு. பன்னிக்கு அங்க வெச்சா வெறும் குடலு. அதோட நெஞ்சு கீழ, முன்னங்காலுக்கு நேரா, உள்ள ஒளிஞ்சு கெடக்கு. ஆம்பளப் பன்னிக்குத் தோள்ல டயர் கனத்துக்குத் தோலு வேற. அறுபதத் தாண்டிருச்சுன்னா நம்ம ஈயத்துக்கு அதக் கிழிக்கத் தெம்பு இருக்காது."

"பாஸ்டர் ஆரம்பிச்சுட்டாரு. காணிக்கத் தட்ட எடுங்கப்பா," என்றான் எமெட்.

"சிரிடா. குடல்ல குண்டு வாங்குன பன்னி ரெண்டு நாளு, மூணு நாளு கெடந்து சாவும். உனக்கு அப்படி வந்தா தெரியும்."

"எனக்குத் தினம் வருது. உன் சமையலச் சாப்பிட்டா."

ராய்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வாரமாக அவனுக்கு ஒரு பன்றியும் கிடைக்கவில்லை. அவன் புல்வெளியை ஏர் உழுத மாதிரி கிளறிப் போட்டது ஒரு பெரிய கறுப்பு ஆண்பன்றி. அது அவனைத் தவிர எல்லார் கண்ணிலும் பட்டுக்கொண்டிருந்தது. "ராய்ஸு துப்பாக்கி மாட்டி வெக்கிறதுக்குத்தான், வரவேற்பறைல அழகா இருக்கும்" என்று எமெட் தீவனக் கடையில் நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தான். விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனால் தனியாக இருக்கிறவனுக்கு விளையாட்டுப் பேச்சு வீட்டுக்குப் போன பிறகும் காதில் ஓடிக்கொண்டிருக்கும்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது அந்தப் பன்றி வந்தது. நாடாவுக்கு அந்தப் பக்கம், நாணல் ஓரமாக, பக்கவாட்டில் திரும்பி நின்று மூக்கால் மண்ணைக் கிண்டியது. ராய்ஸ் காத்திருந்தான். அது வரவில்லை. கண்ணால் அளந்தான், தொண்ணூறு தப்படி இருக்கும். இன்னும் கொஞ்சம் காத்திருந்தான். பன்றி நாணல் பக்கம் தலையைத் திருப்பியது.

முப்பது தப்படி கூட, அவ்வளவுதானே என்று தோன்றியது. துப்பாக்கியைக் கொஞ்சம் ஏற்றிப் பிடித்தான். முப்பது வருஷம் மான் அடித்த கை தானாக எங்கே போகுமோ அங்கே போனது, முன்னங்காலைத் தாண்டி நாலு விரல். சுட்டான்.

கருமருந்துப் புகை ஈரக் காற்றில் நகராமல் முகத்துக்கு முன்னால் நின்றது. ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அந்தப் புகைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. ஈரச் சாக்கைக் கட்டையால் அடித்த மாதிரி, பொத்தென்று.

புகை கலைந்தபோது நாணல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. ராய்ஸ் நடந்து போய்ப் பார்த்தான். புல்லில் கறுத்த ரத்தம், அதில் பச்சையாக ஏதோ, அரைபட்ட மக்காச்சோளம் இரண்டு மணி. குனிந்து முகர்ந்தான். முகர்ந்திருக்கவே வேண்டாம். குடல் கிழிந்த நாற்றம்.

கேம்ப்புக்குப் போய் "பட்டுருச்சு, வயித்துல" என்று சொன்னால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். ஒருத்தனும் வீட்டுக்குப் போகமாட்டான். விடிந்ததும் மூன்று பேரும் நாய்களோடு நாணலுக்குள் இறங்கி, அந்த ஜீவனைத் தேடி முடித்துவிட்டுத்தான் மறுவேலை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை போனாலும் போனதுதான். அதற்கு முன்னால் ஹோலிஸ் ஒரு கேள்வி கேட்பான்: எத்தனை தப்படி? பெற்ற மகனையே விடாத மனுஷன் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு ராய்ஸின் முகத்தைப் பார்ப்பான். அந்தப் பார்வையை ராய்ஸால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

பூட்ஸ் காலால் மக்கின இலைகளைத் தள்ளி ரத்தத்தை மூடினான். இந்த மனுஷனை நான் கெட்டவன் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த இலையைத் தள்ளின கால் இருக்கிறதே, அதற்கு மன்னிப்பு என்று ஒன்று உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

"தப்பிருச்சு," என்றான் கேம்ப்பில்.

குறி தப்பினவனுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு தண்டனை உண்டு. சட்டையின் பின்பக்கத் தொங்கலை அறுத்து, தேதி எழுதி, கேம்ப் சுவரில் ஆணி அடித்து மாட்டுவார்கள். சிரிப்புக்கான தண்டனை. அந்தச் சுவரில் முப்பது வருஷத்துத் துணி தொங்கியது, கட்டம் போட்டது, கோடு போட்டது, எமெட்டுடையது மட்டும் ஒன்பது.

ஹோலிஸ் கத்திரியை எடுத்தான். உடனே அறுக்கவில்லை.

"சத்தம் ஏதும் கேட்டுச்சா ராய்ஸ்?"

"இல்ல."

"ரத்தம்?"

"போயிப் பாத்தேன். ஒண்ணுமில்ல."

அடுப்பில் பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது. ஹோலிஸ் போய் அதைக் கிளறிவிட்டு வந்தான். கேம்ப்பில் இன்னொரு சட்டமும் இருந்தது. ஒருத்தன் குண்டைப் பற்றி அவன் வாய்தான் பேச வேண்டும், அடுத்தவன் பேசக்கூடாது.

"உன் குண்டு. நீ சொன்னா சரி," என்று சொல்லிவிட்டுச் சட்டையை அறுத்தான்.

"நல்ல சட்டடா, போச்சே!" என்றான் எமெட். "அடுத்த தடவ பழசப் போட்டுட்டு வா. நான் சட்டயே இல்லாம வரலாம்னு இருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஹோலிஸ் வீட்டில் சாப்பிடுவது ராய்ஸுக்குப் பதினோரு வருஷத்துப் பழக்கம், மனைவி விட்டுப் போன நாளிலிருந்து. அந்த ஞாயிறு அவன் சபைக்கும் போகவில்லை, சாப்பாட்டுக்கும் போகவில்லை. பல்வலி என்று போன் செய்தான். ஹோலிஸின் மனைவி நேடீன் "கிராம்பு வெச்சுக்கோ" என்றாள்.

திங்கட்கிழமை மத்தியானம் எமெட் வந்து அவன் கதவைத் தட்டினான். அந்த மனுஷன் முகத்தில் சிரிப்பு இல்லாமல் ராய்ஸ் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஹோலிஸ் போயிட்டான்டா."

நாணலுக்குள், சேற்றுப் பள்ளத்துக்குப் பக்கத்தில் கிடந்தானாம். தொடையின் உள்பக்கம் பன்றியின் கோரைப்பல் கிழித்திருந்தது. பெல்ட்டைக் கழற்றி இறுக்கிக் கட்டியிருக்கிறான், போதவில்லை. பதினோரு தப்படி தள்ளி அந்தக் கறுப்புப் பன்றியும் செத்துக் கிடந்தது. ஷெரீப் ஆபீஸிலிருந்து வந்த டெபுடி, அந்தப் பக்கத்துப் போலீஸ்காரன், பன்றியைக் கீறிப் பார்த்தான். நெஞ்சில் ஒரு புதுக் குண்டு, சரியான இடத்தில். அது பாய்ந்து வரும்போது ஹோலிஸ் சுட்டது. வயிற்றில் ஒரு பழைய குண்டு, சுற்றிலும் அழுகி நாறிக்கொண்டு. இரண்டும் ஒரே அளவு. மூன்று பேருக்கும் குண்டு வார்த்துக் கொடுத்தவன் ஹோலிஸ்தான், ஒரே அச்சில்.

ஊர் கணக்குப் போட ஆரம்பித்தது. எமெட் சுடவே இல்லை. ராய்ஸ் சுட்டுத் தப்பவிட்டான், தேதி போட்டுச் சுவரில் தொங்குகிறது. அப்படியானால் வயிற்றில் சுட்டவன் யார்? ஹோலிஸ்தான். எப்போது? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், யாருக்கும் தெரியாமல். ஆண்டவருடைய நாளில், எவ்வளவு தூரத்தில் நின்றோ கண்டபடி சுட்டுவிட்டு, வெளியே தெரிந்தால் மானம் போகுமென்று திங்கட்கிழமை தனியாகப் போய் முடிக்கப் பார்த்திருக்கிறான். முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் பிரசங்கம் செய்தவன்!

சவ அடக்கத்துக்கு வெஸ்லி வந்தான். டெபுடி அவனைத் தனியே அழைத்து விவரம் சொன்னான். அதன் பிறகு வெஸ்லி சவப்பெட்டியைத் தூக்கக்கூட வரவில்லை. "என்னய நாலு பேரு முன்னால நிக்க வெச்சு அசிங்கப்படுத்துனாரே, எதுக்காம்?" என்று காரில் சாய்ந்து நின்றுகொண்டு யாரிடமோ சொன்னான். அவன் பிடிக்க வேண்டிய மூலையை ராய்ஸ் பிடித்தான். நண்பனைப் பற்றி நாலு வார்த்தை பேசு என்று சபைப் பாஸ்டர் அழைத்தார். ராய்ஸ் எழுந்து நின்றான். "நல்ல மனுஷன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். பாவம், துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

சொல்லியிருக்கலாம். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம், மறுநாள் சொல்லியிருக்கலாம். நாள் போகப்போகச் சொல்வது கனத்துக்கொண்டே போனது. ஒன்றை அவன் தெரிந்தே வைத்திருந்தான்: செத்தவன் பேரில் ஒட்டியிருக்கிற அழுக்கைத் துடைக்க உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு, அது தான்தான். தெரிந்துகொண்டே மாட்டுக்குத் தீனி வைத்தான், வேலிக்கம்பி இழுத்துக் கட்டினான், படுத்தால் தூங்காமல் கிடந்தான்.

ஆறாவது வாரம் தீவனக் கடையில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது ஹோலிஸ் பேச்சு வந்தது. "என்ன பண்றது, பாஸ்டரே வழுக்கிட்டாரு," என்றான் எமெட். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அழ முடியாததை எமெட் கேலி செய்துதான் பழக்கம். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ராய்ஸும் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு அவன் காதிலேயே விழுந்தது. மூட்டையைப் பாதியில் போட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு நேராக நேடீன் வீட்டுக்குப் போனான்.

நேடீன் சமையலறைத் தொட்டியில் டர்னிப் கீரை அலசிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் ராய்ஸுக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்தவள். கதவு திறந்தே இருந்தது. அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றான்.

"நேடீன். அந்தப் பன்னிய வயித்துல அடிச்சது நான்தான். ஹோலிஸ் இல்ல."

அவள் தண்ணீரை நிறுத்தவில்லை.

"தெரியும்," என்றாள்.

ராய்ஸ் ஒரு அடி உள்ளே வைத்தான்.

"சனிக்கெழம வீட்டுக்கு வந்ததுமே சொல்லிட்டான். 'பொத்துனு கேட்டுச்சு நேடீன், என் மரத்தடி வரைக்கும் கேட்டுச்சு, வயித்துல விழுந்த சத்தம். உண்ம வாய்க்கு வெளிய வரமாட்டேங்குது அவனுக்கு. நாளைக்குச் சாப்பிட வரும்போது சொல்லிருவான், நீ ஒண்ணும் கேட்டுறாத'ன்னான்." கீரையை உதறி இன்னொரு பாத்திரத்தில் போட்டாள். "உனக்குத் தட்டு வெச்சேன். நீ பல்வலின்ன. தட்ட எடுக்கப் போனேன், விடல. 'இருக்கட்டும், சாயங்காலம் வருவான்'னான். இருட்டுற வரைக்கும் தட்டு மேசலயே கெடந்துச்சு."

"நேடீன்..."

"பேசாம இரு. திங்கக்கெழம எந்திரிச்சதும், 'அவன் வரமாட்டான் போல, அந்த ஜீவன் ரெண்டு நாளாத் துடிச்சுக்கிட்டுக் கெடக்கு'ன்னான். 'எமெட்டக் கூட்டிக்கிட்டுப் போ'ன்னேன். 'கூட்டிட்டுப் போனா யாரு சுட்டதுன்னு கேப்பான். ராய்ஸு சொல்றதுக்கு முன்னால நான் சொல்லக் கூடாது'ன்னுட்டான். உன் மானத்தக் காப்பாத்தத்தான் தனியாப் போனான்."

ராய்ஸ் அழுதான். பெரிய ஆள் அழுவது பார்க்க நன்றாக இருக்காது. நேடீன் பார்க்கவில்லை. அவள் முதுகு அவன் பக்கம் இருந்தது.

"இதெல்லாம் தெரிஞ்சும் ஏன் என்ன ஒரு வார்த்த கேக்கல? ஊருக்காவது சொல்லியிருக்கலாமே?"

"ஊரு கெடக்கு. வெஸ்லிகிட்ட சொன்னேன். 'அப்பாவுக்கு வக்காலத்து வாங்காதம்மா, ராய்ஸ் மாமா தப்பவிட்டாரு, கேம்ப் சுவத்துல அந்தத் துணிய என் கண்ணால பாத்தேன்'னான். நான் சொன்னா அது பொண்டாட்டி பேச்சு. தேதி போட்ட துணி சாட்சி." அவள் இப்போதுதான் திரும்பினாள். கண் காய்ந்து கிடந்தது. "நாப்பத்தோரு நாளா உன்ன எதிர்பாத்துக்கிட்டு இருக்கேன் ராய்ஸ். உன்ன மன்னிக்கிறதுக்கு இல்ல. அது என்னால ஆகுமான்னு எனக்கே தெரியல."

கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். எண்ணை அழுத்தி, மணி அடிக்கத் தொடங்கியதும் அவன் கையில் கொடுத்தாள்.

அந்தப் பக்கம் ஆலை இரைச்சல் கேட்டது. "அம்மா? வேலைல இருக்கேம்மா."

"அம்மா இல்லப்பா. ராய்ஸ் மாமா."

"என்ன மாமா? அம்மாவுக்கு ஒண்ணுமில்லயே?"

"நல்லா இருக்காங்க. உங்கப்பாவப் பத்திப் பேசணும்."

"அவரப் பத்தின்னா வேணாம் மாமா. வெக்கிறேன்."

"வெச்சுறாத வெஸ்லி. வெச்சுறாத. நான் பொய் சொன்னேன். அன்னைக்கு என் குண்டு தப்பல. நாடாவத் தாண்டி, தொண்ணூறு தப்படில நான்தான் சுட்டேன். ரத்தத்தப் பாத்தேன். இலயத் தள்ளி மூடிட்டு வந்தேன்."

இரைச்சல் குறைந்தது. வெஸ்லி எங்கோ ஒதுங்கி ஒரு கதவைச் சாத்தியிருக்க வேண்டும். பிறகு கேட்டான்.

"அப்ப அப்பா ஞாயித்துக்கெழம சுடலயா?"

"இல்லப்பா."

"பின்ன என்ன பண்ணிக்கிட்டு இருந்தாரு?"

"எனக்காகக் காத்துக்கிட்டு இருந்தாரு."

மூச்சு மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது.

"பெட்டியத் தூக்கலயே மாமா நான்," என்றான் வெஸ்லி.

ராய்ஸ் போனை நேடீனிடம் நீட்டினான். அவள் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, மகன் அழுது முடிக்கும்வரை நின்றாள்.